மடமும் குருமடமும் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்கலைக்கழகங்களில் சமயம், பண்பாடு என்ற பெயரில் நடக்கும் முதுகலைப் படிப்புகளை மூடிவிடலாம் என்று சென்ற வாரம் உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சைவ சித்தாந்தம் வேண்டுமா, ஆதீனங்கள் இருக்கின்றன, விவிலியம் வேண்டுமா, குருமடங்கள் இருக்கின்றன, குர்ஆனுக்கு மதரசா. இதற்கெல்லாம் வரிப்பணத்தில் பேராசிரியர் எதற்கு என்று கேட்டிருந்தார். எழுத்தில் ஒரு கண்டிப்பு தெரிந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். அவர் சொன்னதில் பாதி எனக்கும் உடன்பாடுதான். எந்தப் பாதி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் கிராம நிர்வாக அலுவலர். குரூப் 4 எழுதி வந்தவள். இந்த வேலைக்குத் தகுதி பத்தாம் வகுப்பு. நான் படித்திருப்பதோ பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் எம்.ஏ. நாட்டார் வழக்காற்றியல், அதாவது மக்களின் கதை, பாட்டு, சடங்கு, நம்பிக்கைகளை ஆராயும் படிப்பு. அலுவலகத்தில் இதைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "அப்படின்னா?" அடுத்த கேள்வி, "அப்போ உங்களுக்குச் சாமி வருமா மேடம்?"

சாமி வராது. ஆனால் சாமி வருகிற ஊர்களில்தான் எனக்கு வேலை. எங்கள் பக்கத்தில் ஊர்ச் சாமிகளுக்கு எடுக்கும் கொடை விழாக் காலம் வந்துவிட்டால் தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தைக் காலமும் வந்துவிடும். வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், இன்ஸ்பெக்டர், இரண்டு தரப்பிலும் ஆளுக்குப் பத்துப் பேர், மூலையில் அடங்கல், அ-பதிவேடு என்ற நிலப் பதிவேடுகளோடு நான். அப்படி ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சுடலைமாடன் கோயில் கொடை. நடுச்சாமத்தில் சாமியாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது எந்தத் தெரு வழியாகப் போவது என்பதுதான் தகராறு. அதோடு ஒட்டிக்கொண்டு, திரும்பி வந்ததும் முதல் திருநீறு யாருக்கு என்பது.

இந்த மாதிரிக் கூட்டத்தில் அதிகாரிகள் வழக்கமாகக் கேட்பது, "கோயில் யார் பேரில் இருக்கு?" கோயில் நத்தம் புறம்போக்கில் இருந்தது. யார் பேரிலும் இல்லை. உடனே இரண்டு தரப்பும் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார்கள். வட்டாட்சியர் அனுமதியோடு நான் வேறு சில கேள்விகளைக் கேட்டேன். தலைக்கட்டு வரி யார் யாரிடம் பிரிக்கிறீர்கள்? வில்லுப்பாட்டுக்காரருக்கு முன்பணம் கொடுத்தது யார் கை? கொடையில் கூத்தாடும் கணியானுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது யார்? வேட்டைக்குப் போகும்போது பந்தம் பிடிப்பது யார்? கத்தல் அடங்கி ஆளாளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். பந்தம் பிடிக்கும் உரிமை தலைமுறை தலைமுறையாக வரி கொடுக்காத தெருக்காரர்களிடம் இருந்திருக்கிறது. "அவுகளுக்கும் கோயிலுக்கும் சம்பந்தமே இல்ல" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த பெரியவரே அதை ஒப்புக்கொண்டார்.

பிரச்சினை அன்றைக்கே தீர்ந்துவிடவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் பழைய வரி நோட்டுகளைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதி வாங்கினோம். கொடை போலீஸ் காவலோடுதான் நடந்தது. ஒரு கோயிலில் உரிமை என்பது பட்டாவில் மட்டும் இல்லை, வெற்றிலையிலும் பந்தத்திலும் கிடக்கிறது என்பது எந்த டி.என்.பி.எஸ்.சி. கைடிலும் கிடையாது. நான் அதை வகுப்பறையில் கற்றேன். வாசகர் சொல்கிற மடத்திலோ குருமடத்திலோ இதைக் கற்றுத் தருவார்களா? மாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் வேலை வேறு.

அரசியல் சட்டமே இதைத் தடுக்கிறது என்றும் வாசகர் எழுதியிருந்தார். சட்டத்தின் 28ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையங்களில் மதபோதனை கூடாது என்கிறது. மதங்களைப் பற்றிப் படிப்பது அந்தத் தடைக்குள் வராது என்று அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால் 1964-66 கோத்தாரி குழு இந்த இரண்டையும் பிரித்துப் பேசியிருக்கிறது. சட்டச் சிக்கல் ஏதுமில்லை. நம் வகுப்பறைகளில் அந்த வேறுபாடு காப்பாற்றப்படுகிறதா என்று கேட்டிருந்தால் நியாயமான கேள்வி.

எங்கள் துறையில் அதைக் காப்பாற்றிய விதம் எளிமையானது. களக் குறிப்பேட்டில் இடதுபக்கம் கண்டதும் கேட்டதும் மட்டும். நமக்குத் தோன்றியதெல்லாம் வலதுபக்கம். வகுப்பில் ஒருவர் இடதுபக்கத்தில் "அம்மன் அருள்பாலித்தாள்" என்று எழுதினார். இன்னொருவர், அவர் கொஞ்சம் கட்சிக்காரர், "மூடநம்பிக்கையின் உச்சம்" என்று எழுதினார். வழிகாட்டி இரண்டையும் ஒரே சிவப்பு மையால் சுழித்து, "இது எதுக்கு இந்தப் பக்கம் வந்தது?" என்று கேட்டார். பக்தருக்கும் பகுத்தறிவாளருக்கும் ஒரே மார்க்.

அவருக்கு இன்னொரு விதியும் உண்டு. சொந்த ஊர், சொந்தச் சாமி கூடாது. எங்கள் வீடு அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழி. ஆச்சி எங்கள் புனித நூலான அகிலத்திரட்டு வாசிக்கக் கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் ஊர் வழிபாட்டிடமான நிழல் தாங்கலைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். என்னை உவரி அந்தோனியார் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, எங்கள் ஊர்த் தாங்கலுக்கு என்னோடு படித்த குருமட மாணவர் ஒருவரை அனுப்பினார். வகுப்பில் அவரை எல்லோரும் பிரதர் என்றுதான் கூப்பிடுவோம்.

பிரதர் போய்ச் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி, நெற்றியில் திருநாமம் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். சிலை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி இருப்பதைப் பார்த்துப் பணிவிடை செய்யும் தாத்தாவிடம் காரணம் கேட்டிருக்கிறார். "யாரு தெரியுதா உள்ள? அதான்" என்றாராம் தாத்தா. பிரதர் அதோடு விடவில்லை. தலைப்பாகை ஆண்களுக்கு மட்டும் ஏன், நாமம் இட்டுவிடும் உரிமை யாருக்கு, அன்னம் யார் வீட்டு அரிசி, தாங்கலின் கணக்கு யாரிடம் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தார். பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் வந்த எனக்கு இதில் ஒன்றுகூடக் கேட்கத் தோன்றியதில்லை. கேட்டிருந்தாலும், "ஒனக்குத் தெரியாதாட்டி?" என்று தாத்தா சிரித்திருப்பார். வெளியாளுக்குத்தான் விளக்கிச் சொல்வார்கள்.

உவரியில் நான் கண்டது வேறு. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணோடு வந்திருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். உள்நாட்டு ஊர்க்காரர், வீட்டில் கும்பிடுவது சுடலைமாடன். பிறகு ஏன் இங்கே என்றேன். "சுடலை புடிச்சா சுடலைகிட்டயேவா போவாவ? போலீசு அடிச்சா கலெக்டர்ட்ட போறதில்லையா, அது மாதிரி அந்தோணியார்ட்ட வந்திருக்கோம்" என்றார். இடதுபக்கத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன். வலதுபக்கத்தில் என்ன எழுதுவதென்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. இந்து, கிறிஸ்தவம் என்று இரண்டு தனித்தனிப் பாடப்புத்தகம் வைத்துக்கொண்டு அந்த அம்மாவைப் புரிந்துகொள்ள வழியில்லை.

இனி எனக்கு உடன்பாடான பாதி. நம் பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு பெரும்பாலும் அறை அறையாகத்தான் நடக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கு ஒரு துறை, வைணவத்துக்கு ஒன்று, கிறிஸ்தவவியலுக்கு ஒன்று, சமணவியலுக்கு ஒன்று, இஸ்லாமிய ஆய்வுக்கு நீதிபதி பஷீர் அகமது சயீத் பெயரில் ஒரு மையம். எல்லாம் நல்ல துறைகள்தான், நல்ல பேராசிரியர்கள் இருந்த துறைகள்தான். ஆனால் சைவர் வந்து சைவம் படித்து, சைவத்தின் பெருமையை ஆய்வேடாக எழுதிவிட்டுப் போவதென்றால் அதற்கு ஆதீனமே போதும் என்று வாசகர் சொல்வதை நான் எப்படி மறுப்பது? "பெரியபுராணத்தில் அன்பு நெறி" போன்ற தலைப்பிட்ட ஆய்வேடுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். முடிவு தலைப்பிலேயே வந்துவிடுகிறது. உள்ளே ஆராய என்ன மிச்சம்?

கழுகுமலைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள். அதையொட்டி அய்யனார் கோயில், இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி, ஒற்றைப் பாறையைக் குடைந்து பாதியில் நின்றுபோன வெட்டுவான் கோயில், சிவனுக்கு எடுத்தது. அடிவாரத்தில் முருகன் கோயில். அந்த ஊரில்தான் 1895இல், தேரோடும் தெருவில் யார் போகலாம், யார் போகக் கூடாது என்ற பழைய சண்டை முற்றிக் கலவரமாகி உயிர்கள் போயின. உரிமை மறுக்கப்பட்ட பக்கத்தில் பலர் அதற்குள் கத்தோலிக்கராகியிருந்தார்கள். இந்த ஒரு மலையைப் படிக்க எத்தனை துறை வேண்டும்? சமணவியல் மாணவர் மேலே பார்த்துவிட்டு இறங்கிவிடுவார். சைவம் படிப்பவர் வெட்டுவான் கோயிலோடு நின்றுவிடுவார். 1895 கிறிஸ்தவவியலுக்கா வரலாற்றுக்கா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். அய்யனாருக்குப் பொங்கல் வைக்கிறவர் எந்த அறையிலும் இல்லை. எங்கள் அய்யாவழியும் இப்படித்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்களை இந்து என்று எழுதிக்கொள்கிறார்கள். மாசி 20 அய்யா வைகுண்டர் பிறந்தநாளுக்குத் தென்மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் நாங்கள் எந்தத் துறைக் கதவைத் தட்டுவது?

வடக்கே பாட்டியாலாவில் பஞ்சாபிப் பல்கலைக்கழகம் 1967இல் குரு கோவிந்த் சிங் பெயரில் சமயவியல் துறை தொடங்கியபோது, ஐந்து மதங்களை ஒரே கூரையின்கீழ் வைத்துத்தான் தொடங்கினார்கள். சீக்கியர் பெரும்பான்மையாக உள்ள மாநிலம், சீக்கிய குருவின் பெயர், ஆனாலும் அப்படி. நம்மிடமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சமயங்கள், தத்துவம், மனிதநேயச் சிந்தனை என்று சேர்த்து ஒரு புலம் வைத்தார்கள். யோசனை நமக்குப் புதிதல்ல. சேர்ந்து உட்காருவதுதான் நடப்பதில்லை.

ஒழுங்காகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தொ. பரமசிவன் இருக்கிறார். பெரியாரைக் கொண்டாடியவர். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டதோ அழகர் கோயில். 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகமே அதை நூலாக வெளியிட்டது. கள்ளருக்கு அந்தக் கோயிலில் என்ன பங்கு, இடையருக்கு என்ன, பள்ளர் பறையருக்கு என்ன, வலையருக்கு என்ன என்று ஒவ்வொரு கூட்டத்தாரிடமும் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். அதில் பெருமாளைத் துதிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு ஆற்றங்கரையில் நிற்கும் கூட்டத்தைப் பற்றி நாம் இன்று கொஞ்சமாவது விவரமாகப் பேசுகிறோம் என்றால் அந்த ஆய்வுக்கு அதில் பெரிய பங்குண்டு. எந்த மடம் அதை எழுதியிருக்கும்? எந்தக் கட்சி அலுவலகம் எழுதியிருக்கும்?

நாம் படிக்காவிட்டால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் நாஞ்சில் நாட்டில் தங்கி, இரவெல்லாம் கொடைகளில் உட்கார்ந்து வில்லுப்பாட்டை ஆராய்ந்தார். மரியாதைக்குரிய வேலை. சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடும்போது சாமியாடிக்கு என்ன நடக்கிறது என்பதை நான் முதலில் ஒழுங்காகப் படித்ததே அவர் ஆங்கிலத்தில்தான். வில்லுப்பாட்டுக்குக் குடம் அடிக்கிற இடத்துக்கு நாலு வீடு தள்ளி வளர்ந்தவள் நான்.

படித்தவர்களுக்கு வேலை இல்லை என்ற பேச்சும் கடிதத்தில் இருந்தது. அது உண்மை, அதில் மழுப்ப ஒன்றுமில்லை. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வில் மதங்களின் ஒப்பாய்வுக்குத் தனிப் பாடம் உண்டு, இந்தியப் பண்பாட்டுக்கு உண்டு, நாட்டார் இலக்கியத்துக்கும் உண்டு. தேர்வு இருக்கிறது, வேலை அறிவிப்பைத்தான் காணவில்லை. ஒரு விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பித்துச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனபோது, என் பட்டம் தமிழுக்கு இணையா, சமூகவியலுக்கு இணையா என்று இணைத்தன்மைச் சான்று கேட்டார்கள். எதற்கும் இணையில்லை சார், அது தனிப் பாடம் என்றேன். அப்போ தனியாவே இருக்கட்டும் என்றார் அங்கே இருந்தவர். நல்ல நகைச்சுவை உணர்வுள்ள மனிதர். அப்புறம்தான் குரூப் 4.

வேலை இல்லாதது படிப்பின் குறையா, வேலை தருகிறவர்களின் குறையா? இந்து சமய அறநிலையத் துறையில் செயல் அலுவலர் தொடங்கி எத்தனை பணியிடங்கள்! கோயில் நிதியில் கல்லூரி தொடங்கும் வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், அங்கே இந்து சமய வகுப்பும் நடத்த வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. சரி, நடத்தட்டும். யார் நடத்துவது? வார இறுதியில் வந்து சொற்பொழிவு செய்துவிட்டுப் போகிறவரா? அருங்காட்சியகங்கள், சுற்றுலாத் துறை, தொல்லியல் துறை, எங்கள் வருவாய்த் துறைகூட இந்தப் படிப்பை ஒரு விருப்பத் தகுதியாகவாவது எழுதலாமே. தாசில்தாருக்கு நில அளவைப் பயிற்சி தருகிறோம். ஆண்டுதோறும் எந்த ஊரில் தேர் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரிகிறது, ஏன் நிற்கிறது என்று கேட்கப் பயிற்சி இல்லை.

மூடுவதற்குப் பதில் எனக்குத் தோன்றுவது இதுதான். இருக்கிற சமயத் துறைகள் அத்தனையிலும் எம்.ஏ. முதல் பருவத்தைப் பொதுவாக்குங்கள். சைவம் படிக்க வந்தவரும் இஸ்லாம் படிக்க வந்தவரும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும். கூடவே ஒரு களப்பணித் தாள் கட்டாயம்: தான் பிறந்த மதத்தில் அல்ல, அடுத்தவர் வழிபாட்டிடத்தில். சைவர் ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்குப் போகட்டும், கிறிஸ்தவர் கொடைக்குப் போகட்டும், முஸ்லிம் மாணவி பனிமய மாதா திருவிழாவுக்குப் போகட்டும், கடவுள் இல்லை என்கிறவர் எங்கு வேண்டுமானாலும் போகட்டும். போய் வந்து இடதுபக்கத்தை நிரப்பிக் காட்டிய பிறகு அவரவர் துறைக்குப் போய்ச் சித்தாந்தமோ இறையியலோ படித்துக்கொள்ளலாம். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புதுப் பேராசிரியர்கூட வேண்டாம். பாடத்திட்டக் குழு ஒருநாள் உட்கார்ந்தால் போதும். தன் மதத்தைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டேன் என்கிற மாணவருக்கு, வாசகர் சொன்னபடி மடமும் குருமடமும் இருக்கின்றன. அங்கே சேர்ந்துகொள்ளட்டும்.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் மாவட்டப் பக்கத்தில் கொடை விழாச் செய்தி எந்த ஊரைப் பற்றி வந்தாலும் "திரளான பக்தர்கள் கலந்துகொண்டனர்" என்றுதான் முடிகிறது. அன்னதானம் நடந்தது, விழா ஏற்பாடுகளை இன்னார் செய்திருந்தனர், அவ்வளவுதான். ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டால் அடுத்த வாரத்துக்கும் அதே செய்தி ஓடும். வில்லில் அன்று என்ன கதை பாடினார்கள், கணியான் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தெரு இந்த ஆண்டு வரி கொடுக்கவில்லை என்று ஒரு வரியாவது போடச் சொல்லுங்கள். உங்கள் செய்தியாளர்களில் எங்கள் துறையில் படித்தவர் ஒருவர் இருந்தால் கேட்காமலே எழுதுவார்.

அரசுப் பணியில் இருப்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்,
தென்மாவட்டம்.